ரெண்டு கிரேப்ஃப்ரூட், வாரம் 21 பவுண்டு: டப்ளின் டன்ஸ் ஸ்டோர்ஸ் ஸ்ட்ரைக் (1984–87), ஒரு நிகழ்வு ஆய்வு

சோறா மனசாட்சியான்னு ஒரு கேள்வி வந்தா நாம பெரும்பாலும் பெரிய ஆளுங்க கதையத்தான் எடுப்போம். பதவிய ராஜினாமா பண்ணவரு, பட்டத்த திருப்பிக் கொடுத்தவரு, கோடிக்கணக்கான ஒப்பந்தத்த வேணாம்னு சொன்ன விளையாட்டு வீரர். அவங்க மேல மரியாதை எனக்கும் உண்டு. ஆனா உக்காந்து ஒரு கேஸ எடுத்து அலசணும்னா நான் எடுக்குறது அயர்லாந்துல, டப்ளின்ல ஒரு சூப்பர் மார்க்கெட்ல பில் போட்டுட்டு இருந்த பொண்ணுங்களோட கதைய. விட்டுக்கொடுக்க அவங்ககிட்ட சொத்துபத்து எதுவும் கிடையாது, வாராவாரம் கைக்கு வர்ற சம்பளம் மட்டும்தான் இருந்துச்சு, அதைத்தான் விட்டாங்க, விட்டுட்டு ரெண்டு வருஷம் ஒம்பது மாசம் அதே கடை வாசல்ல நின்னாங்க.

நடந்தது என்ன

1984 ஜூலை 19. டப்ளின் ஹென்றி ஸ்ட்ரீட். நம்ம ரங்கநாதன் தெரு மாதிரி எப்பவும் கூட்டம் வழியுற கடைத்தெரு அது. அங்க டன்ஸ் ஸ்டோர்ஸ் கிளையில கேஷ் கவுன்ட்டர்ல உக்காந்திருந்தாங்க மேரி மேனிங், வயசு 21. ஒரு கஸ்டமர் கூடையில ரெண்டு கிரேப்ஃப்ரூட் இருந்துச்சு, மேல அவுட்ஸ்பான் ஸ்டிக்கர். அவுட்ஸ்பான்னா தென்னாப்பிரிக்காவுல இருந்து ஏத்துமதியாகுற ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழங்களோட பிராண்ட். அப்போ அங்க நடந்தது அபார்ட்ஹைட், அதாவது வெள்ளைக்கார அரசு சட்டம் போட்டுக் கறுப்பினத்தவர ஒதுக்கி வச்ச நிறவெறி ஆட்சி. மேரி மத்த சாமானுக்கெல்லாம் பில் போடத் தயாரா இருந்தாங்க, அந்த ரெண்டு பழத்துக்கு மட்டும் போட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. மேனேஜர் வந்தாரு, போடுன்னாரு, மாட்டேன்னாங்க, சஸ்பெண்ட். அவ்வளவுதான் சம்பவம், சில நிமிஷத்துல முடிஞ்சுது. கடையில சங்கப் பிரதிநிதியா இருந்த கேரன் கியரனும் கூட வேலை பார்த்த சிலரும் மேரியோட வெளிய வந்தாங்க. மொத்தம் பத்துப் பேரு வாக்குல, பெரும்பாலும் இருபது வயச ஒட்டின பொண்ணுங்க, கூட ஒரு பையன். அப்புறம் க்ரம்லின் கிளையில இருந்து இன்னொரு பையனும் இதே காரணத்துக்காக வேலைய விட்டுட்டு வந்து சேர்ந்துக்கிட்டாரு.

மேரி அன்னிக்கு திடீர்னு ஆவேசம் வந்து சொன்னதில்ல இது. அவங்க சங்கம், சுருக்கமா இடாட்டுன்னு சொல்லுவாங்க, சில்லறை வணிகத் தொழிலாளர் சங்கம், அந்த வருஷ மாநாட்டுல ஒரு தீர்மானம் போட்டிருந்துச்சு: தென்னாப்பிரிக்கப் பொருள நம்ம உறுப்பினர்கள் கையால தொட வேணாம், விக்க வேணாம். மாநாடுங்கள்ல இந்த மாதிரி தீர்மானம் வருஷத்துக்கு பத்து போடுவாங்க, கைதட்டி நிறைவேத்துவாங்க, மினிட்ஸ்ல எழுதி வைப்பாங்க, டீ குடிக்கப் போவாங்க. நம்ம ஊர்லயும் அதான் வழக்கம். ஆனா அந்தத் தடவ சங்கத்தோட பொதுச்செயலாளர் ஜான் மிட்செல் அத சுற்றறிக்கையா கிளைகளுக்கு அனுப்பிட்டாரு. ஹென்றி ஸ்ட்ரீட் கிளை அத அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கிச்சு.

இவங்களுக்கு அபார்ட்ஹைட் பத்தி என்ன தெரியும்?

உண்மையச் சொன்னா ஒண்ணுமே தெரியாது. அவங்களே பின்னாடி பல பேட்டியில ஒளிவுமறைவு இல்லாம சொன்ன விஷயம் இது. தென்னாப்பிரிக்கா மேப்புல எங்க இருக்குன்னுகூட பலருக்கு சரியாத் தெரியாது. சங்கம் சொல்லுச்சு, கேட்டோம். அதோட கடை நிர்வாகம் ரொம்பக் கெடுபிடி, பாத்ரூம் போகணும்னாகூட மேல கேட்டுட்டுத்தான் போகணும்ங்கற நிலைமை, அந்தக் கோவமும் உள்ள இருந்துச்சு. ரெண்டு வாரம் நிப்போம், நிர்வாகம் இறங்கி வரும், திரும்பப் போயிருவோம்னுதான் கணக்குப் போட்டாங்க.

இந்த இடத்துலதான் இந்த கேஸ் மத்ததுல இருந்து விலகுது, நான் இத எடுக்குறதுக்கும் இதான் காரணம். பொதுவா நாம என்ன நினைக்கிறோம்? மொதல்ல ஒருத்தருக்கு கொள்கை இருக்கும், அது முத்தும், அப்புறம் தியாகம் பண்ணுவாரு. இங்க எல்லாம் தலைகீழ். மொதல்ல சம்பளம் போச்சு. அதுக்கு அப்புறம்தான் எதுக்காகப் போச்சுன்னு தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகும் திரும்பிப் போற வழி தொறந்துதான் இருந்துச்சு, போகல. அதனால இவங்களோட முடிவு ஜூலை 19 அன்னிக்கு எடுத்தது மட்டும் இல்ல, அதுக்கு அப்புறம் ஒவ்வொரு வாரமும் எடுத்தது.

அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நிம்ரோட் செஜாகேன்னு ஒருத்தர். தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தொழிற்சங்கக்காரர், இரும்பு எஃகுத் தொழிலாளர்கள அங்க அமைப்பாத் திரட்டினவரு. 1956-ல மண்டேலா உட்பட 156 பேர் மேல தேசத்துரோக வழக்குப் போட்டாங்களே, அந்த 156-ல இவரும் ஒருத்தர். அப்புறம் நாட்ட விட்டு வெளியேறி, குடும்பத்தப் பிரிஞ்சு, பல நாடு அலைஞ்சு அயர்லாந்துல அகதியா இருந்தாரு. ஸ்ட்ரைக் பத்திக் கேள்விப்பட்டு ஹென்றி ஸ்ட்ரீட்டுக்கு வந்தாரு. வந்து ஒரு நாள் கைகொடுத்துட்டுப் போகல, திரும்பத் திரும்ப வந்து அவங்களோட சேர்ந்து வாசல்ல நடந்தாரு. பாஸ் சட்டம்னா என்ன, சொந்த நாட்டுலயே கறுப்பினத்தவர் எங்க இருக்கணும்னு அரசாங்கம் எப்படி சீட்டு குடுக்குது, அந்த சீட்டு கையில இல்லன்னா என்ன ஆகும், இதெல்லாம் அவர் வாயால அந்த மழைக்குளிர்ல நின்னுக்கிட்டே கேட்டாங்க.

இதுல ஒரு விஷயம் நேரடியா பழக்கூடையோட சம்பந்தப்பட்டது. பாஸ் இல்லாம மாட்டினவங்கள ஜெயிலுக்கு அனுப்புறதுக்குப் பதிலா பண்ணைகளுக்கு வேலைக்கு அனுப்புற வழக்கம் தென்னாப்பிரிக்காவுல இருந்துச்சு. பெத்தால்னு ஒரு வட்டாரம், அங்க உருளைக்கிழங்குப் பண்ணைங்கள்ல இந்தக் கைதி உழைப்பு எவ்வளவு கொடூரமா இருந்துச்சுன்னு வெளிய வந்து, 1959-ல கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடின ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் உருளைக்கிழங்கையே புறக்கணிக்கச் சொல்லுச்சு, ஜனங்க புறக்கணிச்சாங்க. பண்ணை ஜெயில் முறை அதுக்கப்புறமும் தொடர்ந்துச்சு. அதனால பழத்துல என்ன அரசியல்னு கேக்குறவங்களுக்கு, அந்தப் பழத்த யாரு பறிச்சாங்க, என்ன சம்பளத்துக்குப் பறிச்சாங்க, மறுக்குற உரிமை அவங்களுக்கு இருந்துச்சாங்கறதுதான் பதில். ஹென்றி ஸ்ட்ரீட்ல இருந்த பொண்ணுக்கு மாட்டேன்னு சொல்ற உரிமையாவது இருந்துச்சு, சொன்னா சஸ்பெண்ட்தான், ஜெயில் இல்ல. அந்த வித்தியாசத்த அவங்க புரிஞ்சுக்கிட்ட பிறகு விட்டுட்டுப் போறது கஷ்டமாயிடுச்சுன்னு நினைக்கிறேன்.

பணம்: இந்தக் கதையோட நடுநாயகம்

சங்கம் கொடுத்த ஸ்ட்ரைக் பே வாரத்துக்கு 21 பவுண்டு. ஐரிஷ் பவுண்டு. ஒரு நாளைக்கு 3 பவுண்டு. வீட்டுல அப்பா அம்மாவோட இருக்குற பொண்ணுக்கே இது பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் இழுபறி, தனியா வாடகை கட்டுறவங்க நிலைமையச் சொல்லவே வேணாம்.

இத அந்தக் கால அயர்லாந்துல வச்சுப் பாக்கணும். 1980-கள் நடுவுல அங்க வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்துல இருந்துச்சு, வேலையில இருக்கவங்க, வேலை தேடுறவங்க சேத்து 100 பேர எடுத்தா 16, 17 பேருக்கு வேலை இல்ல. காலேஜ் முடிச்ச பசங்க லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கப்பல் ஏறிட்டு இருந்த காலம். அப்போ ஒரு பெரிய கடையில நிரந்தர வேலைங்கறது சின்ன விஷயம் இல்ல. என் பொண்ணு டன்ஸ்ல இருக்கான்னு அம்மா பெருமையா சொல்லிக்கிற வேலை. அத விட்டா அடுத்தது கிடைக்கும்னு எந்த உறுதியும் கிடையாது. அதுவும் இப்படி ஒரு காரணத்துக்காகப் பேரு பேப்பர்ல வந்துட்டா எந்த முதலாளி கூப்பிடுவாரு?

அதோட அவமானம். சக ஊழியர்கள்ல பெரும்பாலானவங்க வெளிய வரல, தினமும் காலையில இவங்களத் தாண்டித்தான் உள்ள போனாங்க, சாயங்காலம் இவங்களத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனாங்க. தெருவுல போறவங்க சிலர் திட்டினாங்க, துப்பினாங்க, கறுப்பினத்தவர இழிவுபடுத்துற வார்த்தைய இவங்க மேல வீசினாங்க. சரக்கு லாரி வந்தா மறிக்கப் போறதும் போலீஸ் வந்து தள்ளுறதும் வழக்கமாச்சு. பெரிய சங்கங்களோட ஆதரவு அறிக்கையோட நின்னுடுச்சு. இங்கயே ஆயிரம் பிரச்சனை இருக்கு, எங்கயோ ஆப்பிரிக்காவுல இருக்குறவங்களுக்கு நீ ஏன்மா வேலைய விடுறேங்கற கேள்வி எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரிதான் கேக்கப்படுது, அங்கயும் கேட்டாங்க.

உள்ள போன சக ஊழியர்களப் பத்தி ஒரு வார்த்தை. அவங்கள நான் குத்தம் சொல்லத் தயாரா இல்ல. ரெண்டு குழந்தையோட வீட்டு லோன் கட்டுற ஒரு அம்மாவுக்கு வாரம் 21 பவுண்டுல எப்படி ஓடும்? மனித உரிமைக்காக நில்லுன்னு சொல்றவங்க, நின்னா அடுப்பு எப்படி எரியும்ங்கறதுக்கும் பதில் வச்சிருக்கணும். இல்லாத பட்சத்துல அந்தப் பேச்சு வசதி உள்ளவங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். டன்ஸ் கேஸ்ல பதில்னு ஒண்ணு இருந்துச்சு, ரொம்பச் சின்னப் பதில், 21 பவுண்டு. அதுலயும் வெளிய வந்தது யாருன்னு பாருங்க, பெரும்பாலும் சின்ன வயசு, பலருக்குப் பொறுப்புச்சுமை இன்னும் ஏறாத காலம். இந்தக் காரணத்தால அவங்க செஞ்சது குறைஞ்சு போயிடாது. ஆனா எந்தச் சூழ்நிலையில ஒரு சாதாரண ஆளால மறுக்க முடியுதுன்னு தெரிஞ்சுக்கணும்னா இத மறைக்காமப் பாக்கணும்.

நிர்வாகம் ஏன் இறங்கி வரல?

இது எனக்கு ரொம்ப நாளா உறுத்துற கேள்வி. ஒரு சூப்பர் மார்க்கெட்டோட மொத்த வியாபாரத்துல தென்னாப்பிரிக்கப் பழம் எம்மாத்திரம்? ஸ்பெயின்ல இருந்து ஆரஞ்சு வாங்கியிருக்கலாம். அந்தக் கவுன்ட்டர்ல வேற ஆள உக்கார வச்சிருக்கலாம். பத்துப் பேர ரெண்டே முக்கால் வருஷம் வெளிய நிறுத்தி, பேப்பர்ல பேர கெடுத்துக்கிட்டதுக்கு அது எவ்வளவோ மலிவு.

என் புரிதல் இதுதான்: சண்டை பழத்துக்காக நடக்கல. கடையில எத விக்கணும்னு முடிவு பண்றது யாரு, ஊழியர் எதத் தொடணும் எதத் தொடக்கூடாதுன்னு சொல்றது யாருங்கற அதிகாரத்துக்காக நடந்துச்சு. இன்னிக்கு கிரேப்ஃப்ரூட்ட விட்டா நாளைக்கு வேற எதையாவது கேப்பாங்கங்கற பயம். குடும்ப நிறுவனம், டன் குடும்பத்து சொத்து, அந்தத் தலைமுறை முதலாளிங்களுக்கு ஊழியர் எதிர்த்துப் பேசுறதே பெரிய குத்தம். லாபநஷ்டக் கணக்குப் பார்த்திருந்தா ஒரு வாரத்துல முடிஞ்சிருக்கும். பணத்துக்காகத்தான் நிறுவனங்க மனித உரிமைய கண்டுக்க மாட்டேங்குதுன்னு நாம பொதுவா சொல்றோம், ஆனா சில சமயம் பணத்த விட்டுக் கொடுத்தாவது அதிகாரத்தக் காப்பாத்திக்கிறாங்க. இத நல்லா கவனிக்கணும், ஏன்னா எதிராளி எதக் காப்பாத்துறாருன்னு தெரியாமப் பேச்சுவார்த்தைக்குப் போனா ஒண்ணும் நடக்காது.

தடை போட்டா கறுப்பினத்தவருக்குத்தானே பாதிப்பு?

இந்த வாதம் அப்போ எல்லா இடத்துலயும் ஓடுச்சு. பழம் வாங்கலன்னா பண்ணையில வேலை செய்ற கறுப்பினத் தொழிலாளிக்கு வேலை போயிடும், நீங்க உதவி பண்றதா நெனச்சு உபத்திரவம் பண்றீங்கன்னு. கேக்க நியாயமா இருக்கும். ஆனா புறக்கணிக்கச் சொன்னது யாரு? 1959 கடைசி வாக்குல ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் ஆல்பர்ட் லுத்துலியும், தென்னாப்பிரிக்க இந்திய காங்கிரஸ் தலைவர் டாக்டர் மான்டி நாயக்கரும், லிபரல் கட்சித் தலைவர் பீட்டர் பிரவுனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு உலகத்துகிட்ட கேட்டாங்க, எங்க நாட்டுப் பொருள வாங்காதீங்க, எங்களுக்குக் கஷ்டம் வரும்னு தெரிஞ்சேதான் கேக்குறோம்னு. நாயக்கர்ங்கற பேரப் பாத்தாலே தெரியும், டர்பன்ல பொறந்த, கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறிப் போன நம்ம ஜனங்களோட வழிவந்த சமூகத்துக்காரர். அந்த ஊர்த் தமிழர்களும், எந்த இனம் எந்தப் பகுதியில குடியிருக்கணும்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்தால வீடுவாசல் பறிபோனவங்கதான். இந்தியா 1946-லயே தென்னாப்பிரிக்காவோட வர்த்தகத்த நிறுத்திடுச்சு, உலகத்துலயே மொதல்ல நிறுத்தின நாடு. அதனால பாதிக்கப்பட்டவங்களே கேட்டப்ப, வெளிய இருக்கவங்க அவங்க நன்மைக்காகன்னு சொல்லிக்கிட்டுப் பழம் வாங்குறதுல எந்த நியாயமும் இல்ல.

அயர்லாந்துக்கும் இந்தப் பேச்சு புதுசு இல்ல. தென்னாப்பிரிக்காவுல ஸ்டாங்கர்ங்கற ஊர்ல பொறந்து, பள்ளிக்கூட வயசுலயே லுத்துலியால ஈர்க்கப்பட்ட கதர் அஸ்மல், டப்ளின் ட்ரினிட்டி காலேஜ்ல சட்டம் சொல்லிக்கொடுத்துட்டு இருந்தாரு, 1964-ல ஐரிஷ் அபார்ட்ஹைட் எதிர்ப்பு இயக்கம் ஆரம்பிச்சதுல அவரு முக்கியமானவரு. பின்னாடி மண்டேலா அமைச்சரவையில மந்திரியானாரு. 1981-ல ஐரிஷ் ரக்பி அணி தென்னாப்பிரிக்காவுக்கு ஆடப் போனப்ப பெரிய எதிர்ப்பு வந்துச்சு, டோனி வார்ட் மாதிரி சில வீரர்கள் போக மாட்டேன்னுட்டாங்க. அதே சமயம் லீவு கிடைக்காம வேலையையே விட்டுட்டுப் போன வீரர்களும் உண்டு. ஒரே நாட்டுல, மூணு வருஷ இடைவெளியில, ஒருத்தர் அபார்ட்ஹைட் நாட்டுல ஆடறதுக்காக வேலைய விடுறாரு, இன்னொருத்தர் அந்த நாட்டுப் பழத்த விக்க மாட்டேன்னு வேலைய விடுறாங்க. சம்பளத்துக்கு மேல ஒண்ணு இருக்குன்னு ரெண்டு பேருமே நினைச்சிருக்காங்க, எத மேல வச்சாங்கங்கறதுல இருக்கு விஷயம்.

தெருவுல இருந்து விமான நிலையத்துக்கு

மொதல் சில மாசம் இவங்கள யாரும் கண்டுக்கல. திருப்பம் 1984 டிசம்பர்ல வந்துச்சு. அபார்ட்ஹைட்ட எதிர்த்த தென்னாப்பிரிக்கக் கிறிஸ்தவ ஆயர் டெஸ்மண்ட் டுட்டு நோபல் அமைதிப் பரிசு வாங்க ஆஸ்லோ போற வழியில லண்டன்ல இவங்களச் சந்திச்சாரு, எங்க நாட்டுக்கு வாங்க, வந்து கண்ணால பாருங்கன்னாரு. டுட்டுவே கூப்பிட்டாருன்ன உடனே அதுவரைக்கும் வாய தொறக்காத பல பேருக்கு இவங்க பேரு தெரிய ஆரம்பிச்சுது.

1985 ஜூலையில, ஸ்ட்ரைக் ஒரு வருஷத்த தொடுற நேரம், காசு திரட்டிக் கிளம்பினாங்க. ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்துல இறங்கினதும் ஆயுதம் வச்ச காவல் சூழ்ந்துக்கிச்சு. எட்டு மணி நேரம் அங்கயே அடைச்சு வச்சிருந்துட்டு, திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த மாசம்தான் தென்னாப்பிரிக்க அரசு நாட்டோட பல பகுதியில அவசரநிலை அறிவிச்சுது, ஏற்கனவே பத்தி எரிஞ்சுட்டு இருந்த நேரம். சூப்பர் மார்க்கெட்ல பில் போடுற சின்னப் பொண்ணுங்களக்கூட உள்ள விடப் பயந்த ஒரு அரசாங்கம். இத விட பெரிய விளம்பரத்த யாராலயும் குடுத்திருக்க முடியாது. திரும்பி வந்தப்ப ஐரிஷ் பத்திரிகை, டிவி எல்லாம் காத்துட்டு இருந்துச்சு. அதே வருஷம் ஐ.நா.வோட அபார்ட்ஹைட் எதிர்ப்புக் குழு முன்னாடியும் பேசினாங்க.

இவ்வளவும் நடந்துட்டு இருந்தப்ப கைக்கு வந்தது அதே 21 பவுண்டுதான். நியூயார்க்ல ஐ.நா. மேடை, ஊருக்குத் திரும்பினா பஸ்சுக்குச் சில்லறை எண்ணணும். புகழ் வந்தா காசு கூடவே வந்துரும்னு நினைக்கிறவங்க இத யோசிக்கணும்.

அரசாங்கம் அசைஞ்சது

அரசாங்கத்துக்கு இது தர்மசங்கடம். காரட் ஃபிட்ஸ்ஜெரால்ட் தலைமையில கூட்டணி அரசு, அதுல தொழிலாளர் கட்சியும் உண்டு, தொழிலாளர் அமைச்சர் ருவரி க்வின். வாயால அபார்ட்ஹைட எல்லாரும் கண்டிச்சாங்க, ஆனா இறக்குமதித் தடைன்னா சர்வதேச வர்த்தக விதி, ஐரோப்பிய சமூகத்தோட பொது வர்த்தகக் கொள்கைன்னு கையக் கட்டிப்போடுற காரணங்க வரிசையா வந்துச்சு. காட்னு சொல்ற சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்துல மட்டும் ஒரு ஓட்டை இருக்கு, சிறைக்கைதி உழைப்புல உண்டான பொருள ஒரு நாடு தடுக்கலாம். மேல சொன்ன பண்ணை ஜெயில் விஷயம் இங்கதான் சட்டத்துக்குள்ள வருது, இந்த வாதமும் மேசைக்கு வந்துச்சு. வெளியுலகமும் மாறிட்டு இருந்துச்சு, 1986 அக்டோபர்ல அமெரிக்க நாடாளுமன்றம் அதிபர் ரீகனோட வீட்டோவையே தள்ளிட்டு தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா தடைச்சட்டம் கொண்டு வந்துச்சு.

கடைசியில 1986 முடியுற நேரத்துல தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறி இறக்குமதிக்குத் தடைன்னு ஐரிஷ் அரசு அறிவிச்சு, அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்துச்சு. 1987 ஏப்ரல்ல ஸ்ட்ரைக் முடிஞ்சுது. டன்ஸ் நிர்வாகம் கடைசி வரைக்கும் தோத்தேன்னு ஒத்துக்கல, ஒத்துக்க வேண்டிய அவசியமும் இல்லாமப் போச்சு, விக்கிறதுக்குப் பழமே வரல.

பக்கத்துல வச்சுப் பாக்க இன்னொரு கேஸ்

இதையே வேற மாதிரி செஞ்சவங்களும் உண்டு. 1970-ல அமெரிக்காவுல போலராய்டு கம்பெனியில வேதியியலாளரா இருந்த கரோலின் ஹன்டரும், போட்டோகிராபரா இருந்த கென் வில்லியம்ஸும் தங்களோட ஆபீஸ்லயே தென்னாப்பிரிக்க அடையாள அட்டை மாதிரி ஒண்ணப் பாத்துட்டு, நம்ம கேமராலயா பாஸ் புத்தகத்துக்குப் போட்டோ எடுக்குறாங்கன்னு அதிர்ந்து போய் எதிர்ப்பு இயக்கம் ஆரம்பிச்சாங்க. ஹன்டர 1971-ல வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. கம்பெனி தென்னாப்பிரிக்காவுல இருந்து வெளியேறினது 1977-ல, அங்க இருந்த விநியோகஸ்தர் அரசாங்கத்துக்கு ரகசியமா வித்துட்டு இருந்தது அம்பலமான பிறகு.

ஹன்டர் படிச்சவங்க, நல்ல சம்பளம், பெரிய நிறுவனம். மேரியவிட எல்லா விதத்துலயும் பாதுகாப்பான இடத்துல இருந்தவங்க. ஆனா அவங்க பின்னாடி மாநாட்டுத் தீர்மானமோ ஸ்ட்ரைக் பேயோ கிடையாது, அதனால சுலபமா வெளிய அனுப்ப முடிஞ்சுது. மேரிய சஸ்பெண்ட் பண்ணப்ப கூட வேலை பார்த்த சிலர் சேர்ந்து நடந்து வந்தாங்க, ஒரு சங்கம் தன் நிதியில இருந்து ரெண்டே முக்கால் வருஷம் காசு கொடுத்துச்சு. பொருளாதாரப் பாதுகாப்புன்னா நம்ம பேங்க் பாலன்ஸ், நம்ம சம்பளம்னு மட்டும் நினைக்கிறோம். சேர்ந்து உண்டியல்ல போட்டு வச்ச காசும் பாதுகாப்புதான். நிறைய சம்பாதிக்கிறவனால தைரியமா பேச முடியும்ங்கறது பாதி உண்மை, ஏன்னா அவனுக்கு இழக்கவும் நிறைய இருக்கு. டன்ஸ் பொண்ணுங்களால முடிஞ்சதுக்கு அந்த 21 பவுண்டு ஒரு பெரிய காரணம், அது இல்லாம மூணாவது வாரமே பாதிப் பேரு திரும்பிப் போக வேண்டி வந்திருக்கும்னு நான் உறுதியா நினைக்கிறேன். அந்தக் காச குறைச்சலா இருக்கேன்னு வருத்தப்பட்டுக்கிட்டே, இருந்துச்சேன்னு கொண்டாடவும் தோணுது.

அப்புறம்

1990 பிப்ரவரியில மண்டேலா வெளிய வந்தாரு. அதே வருஷம் ஜூலை தொடக்கத்துல டப்ளின் வந்தாரு, ஐரிஷ் நாடாளுமன்றத்துல பேசினாரு, ஸ்ட்ரைக் பண்ணவங்களையும் சந்திச்சாரு. சிறையில இருந்தப்ப இவங்க நிலைப்பாடு தனக்கு நம்பிக்கை கொடுத்துச்சுன்னு சொன்னாரு. இந்தப் பகுதிதான் எல்லா இடத்துலயும் சொல்லப்படுது, போட்டோவோட.

சொல்லப்படாத பகுதியும் இருக்கு. மேரி மேனிங்குக்கு ஸ்ட்ரைக் முடிஞ்ச பிறகு டப்ளின்ல வேலை கிடைக்கல, ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிப் போயி சில வருஷம் இருந்துட்டுத்தான் திரும்பினாங்க. அந்த ரெண்டு வருஷம் ஒம்பது மாசத்துல போன சம்பளம், வந்திருக்க வேண்டிய இன்க்ரிமென்ட், சேர்ந்திருக்க வேண்டிய சர்வீஸ், அதையெல்லாம் எந்த நோபல் பரிசுக்காரரோட வாழ்த்தும் ஈடுகட்டாது. நாட்டோட இறக்குமதிக் கொள்கைய மாத்தினவங்க, அந்த மாத்தத்துக்கான செலவ தங்களோட சொந்தக் கணக்குல இருந்து கட்டினாங்க. பின்னாடி பாராட்டுக் கூட்டம் போட்ட அரசியல்வாதிங்க யாருக்கும் அதுல ஒரு பவுண்டுகூட செலவு இல்ல.

இன்னொண்ணும் மாறல. தடை வந்தது பழத்துக்கு, ஊழியரோட மறுக்குற உரிமைக்குச் சட்டம் எதுவும் வரல. நிர்வாகம் விக்கச் சொல்ற பொருள் சட்டப்படி விக்கக்கூடியதா இருந்தா அத மறுக்குறது பெரும்பாலான நாடுகள்ல இன்னிக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குத்தம்தான், நம்ம நாட்டுல நிலையாணைகள்னு சொல்ற வேலை ஒழுங்கு விதிகள்லயும் மேலதிகாரியோட சட்டபூர்வமான, நியாயமான உத்தரவ மீறுறது தவறான நடத்தைப் பட்டியல்லதான் வருது. நாளைக்கு ஒரு பொண்ணு கவுன்ட்டர்ல உக்காந்துட்டு, இந்தப் பொருளுக்குப் பின்னாடி அடிமை உழைப்பு இருக்கு, பில் போட மாட்டேன்னு சொன்னா, 1984-ல மேரிக்கு என்ன பாதுகாப்பு இருந்துச்சோ அதான் அந்தப் பொண்ணுக்கும் இருக்கும்: சங்கம் இருந்தா சங்கம், சங்கத்துல நிதி இருந்தா நிதி, கூட எழுந்து வர நாலு பேரு.